கத்த லைசென்சு வேண்டாம்

பூமாரிக்குப் பிறவியிலேயே பெரிய குரல். காலடிப்பேட்டையில் நின்றுகொண்டு தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டால், தேரடியில் போகிறவன் தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்ப்பான். இந்தத் தொண்டை ஓர் ஆண்பிள்ளைக்கு வாய்த்திருந்தால் துறைமுகத்தில் கூப்பிட்டு மேஸ்திரி வேலை கொடுத்திருப்பார்கள். பெண்பிள்ளைக்கு வாய்த்துத் தொலைத்ததால் அதை அமுக்குவதே ஊருக்கு வேலையாகப் போயிற்று. "மெதுவா பேசுடி" என்று அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இருந்த இரண்டு வருஷமும் வாத்தியார் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்கள். தன் பெயரைவிட அதிகமாக அவள் கேட்ட வார்த்தை அதுதான்.

கல்யாணமாகி ராயபுரம் வந்தாள். புருஷன் ஒரு கிடங்கில் மூட்டை நிறுக்கிறவன். உடம்பும் மெலிவு, குரலும் மெலிவு. பெண்டாட்டி வாயைத் திறந்தாலே அவனுக்கு மானம் போய்விடும். "ஒன் சத்தம் தெருக்கோடி வரிக்கும் கேக்குது, நாலு பேரு சிரிக்கிறான்" என்பான். அவளும் அடக்கிக்கொண்டாள். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடியபோது அவனும் ஓடினான். இடம் பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஓடின ஊரெல்லாம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவதாகத் தகவல் வந்தது. அந்தப் புதுப் பெண்டாட்டி வாய் திறந்து பேசாத சாது என்று சொன்னார்கள். அதை வேலை மெனக்கெட்டு வந்து இவளிடம் சொன்னார்கள்!

அன்றைக்கு வந்த ஆத்திரத்தைக் கத்தித் தீர்த்திருக்க வேண்டும். கத்தினால், "பாத்தியா, இதனாலதான் அவன் ஓடினான்" என்று தெருவே சொல்லும். அதற்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். தப்பு செய்தவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறான், இவள் இங்கே தண்ணீர்க் குழாயடியில்கூட முணுமுணுப்பாகப் பேசுகிறாள். என்ன நியாயமோ இது.

வயிற்றுப்பாட்டுக்கு ஸ்டேஷனுக்குப் பின்னால் ஐரீன் என்ற ஆங்கிலோ இந்தியத் துரைசானி வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தாள். ஐரீனின் புருஷன் ரயில் ஓட்டினவர், காலமாகிவிட்டார். அவள் கான்வென்ட் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். கூடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. சரியான இடத்தில் முள் நின்றால் நடுவில் ஒரு பச்சைக் கண் விழித்துக்கொள்ளும்.

சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணி. பூமாரி பின்கட்டில் உட்கார்ந்து சாம்பல் போட்டுக் குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கூடத்தில் ஒரு பெண்ணின் குரல் உச்சிக்கு ஏறியது. யாரோ வீட்டுக்குள் புகுந்து துரைசானியோடு சண்டைக்கு நிற்கிறாள் என்று நினைத்து, சாம்பல் கையோடு ஓடினாள். அங்கே ஐரீன் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். சத்தம் முழுக்க ரேடியோவிலிருந்து வந்தது.

"யாரும்மா அது, இப்டி ஏசிகினு கீது?"

"ஏசல, பாடுது" என்றாள் ஐரீன். "ஆப்பரா. நாடகம் மாதிரி, ஆனா எல்லாம் பாட்டு."

"இது பாட்டா? ஏசறதுன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

ஐரீன் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, ஏசறதுதான். நீ ஒக்காரு, கேளு."

பூமாரி நிலைப்படி ஓரமாக உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், பத்து வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறவில்லை.

கொழும்பிலிருந்து வருகிறதா லண்டனிலிருந்து வருகிறதா என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பாஷையில் ஒரு எழுத்துப் புரியாது. புரியாவிட்டால் என்ன? அடுப்படியில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப் போல அந்தப் பெண் அடங்கின குரலில் ஆரம்பிப்பாள். நடுவில் ஒருத்தன் தடித்த குரலில் வந்து சமாதானம் சொல்வான். எல்லா ஊரிலும் அவன்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருக்கும். அவன் முடிக்கும்வரை இவள் பொறுத்துக்கொள்வாள். அப்புறம் ஒரே ஒரு சொல்லை எடுப்பாள். அதைத் தாழ்த்திச் சொல்வாள், ஏற்றிச் சொல்வாள், உடைத்து உடைத்துச் சொல்வாள், படி ஏறுவதைப் போல ஏறிக்கொண்டே சொல்வாள். பின்னால் நாற்பது பிடில்கள் குழாயடிப் பெண்களைப் போல ஆமாம் ஆமாம் என்று அவள் பக்கம் பேசும். கடைசியில் உச்சியில் போய் ஓர் இடத்தில் நின்றுவிடுவாள். நிற்பாள், நிற்பாள், கேட்கிற பூமாரிக்கு மூச்சு முட்டும். ஒருத்தரும் மெதுவா என்று சொல்ல மாட்டார்கள். அவள் முடித்ததும் எங்கேயோ ஒரு பெரிய கொட்டகையில் நூற்றுக்கணக்கான பேர் கைதட்டுவார்கள்.

கத்தினதற்குக் கைதட்டுகிறார்கள்! முதல் தடவை அதைக் கேட்டபோது பூமாரிக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. உலகத்தில் இப்படியும் ஓர் இடம் இருக்கிறது என்று ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லையே என்ற எரிச்சல். ஆனாலும் அந்த ஒரு மணி நேரம் முடிந்து பின்கட்டுக்குப் போகும்போது அவளுக்கு மார்பு லேசாகிவிடும். வாரம் முழுக்கக் கடித்துவைத்த பல்லின் இறுக்கமெல்லாம் விட்டுப்போகும். தனக்குப் பதிலாக ஒருத்தி நன்றாக நியாயம் கேட்டுவிட்டாள் என்று இருக்கும்.

போகப்போகக் குரல்களைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டாள். "இது போன மாசம் வந்தவ. அப்போ சளி புடிச்சிருந்துது, இப்போ தேவல" என்பாள். ஐரீன் அசந்துபோவாள். கதை மட்டும் துரைசானி சொன்னால்தான் தெரியும்.

"கடசீல இன்னா ஆவுது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"செத்துப்போவுது."

"போன வாரமும் செத்துப்போச்சே!"

"அது காசநோய். இது கத்தி."

பூமாரிக்குச் சுர்ரென்று வந்தது. "இவ்ளோ பெரிய தொண்டைய வச்சிகினு இவ ஏன் சாவணும்? அந்தத் தடியன் சாவட்டுமே! யாரு இத்தயெல்லாம் எழுதறது?"

ஐரீன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்சு எல்லாம் ஆம்பளைங்கதான்."

"அதான பாத்தேன்" என்றாள் பூமாரி. அதற்குப் பிறகு பெரிய பாட்டு முடிந்ததும் எழுந்து போய்விடுவாள். சாவைக் கேட்க அவள் உட்கார்ந்ததே இல்லை.

ஐம்பத்திமூன்றில் ஐரீன் சீமையில் இருக்கிற தங்கையிடம் போகிறேன் என்று கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டாள். பியானோ கான்வென்ட்டுக்குப் போயிற்று. ரேடியோவை மட்டும் பூமாரியின் கையில் கொடுத்தாள். துணிக்கூடையில் பழைய போர்வையைச் சுற்றி வைத்து, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு பூமாரி வந்தாள்.

வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அவள் இருந்தது கடலோரக் குடிசை வரிசை. அங்கே கரண்டு இல்லை. பச்சைக் கண் விழிக்க வழியில்லை. துறைமுகக் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மாசானத்திடம் போனாள். மாசானம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஏரியாவுக்கே அண்ணாச்சி. கடையில் கரண்டு இருந்தது, ரேடியோ இல்லை.

"ஞாயித்துக்கெழம மூணுலருந்து நாலு ஒனக்கு, மத்த நேரமெல்லாம் எனக்கு. சரிதானே?" என்றார் மாசானம். துறைமுகத்தில் பளு தூக்கும் வின்ச் ஓட்டுகிற ஜாபர் அப்போது பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "நான் சாட்சி அக்கா" என்றான் அவனாகவே.

ரேடியோ வைக்க லைசென்சு வேண்டுமே என்று மூன்று பேருமாகத் தபால் ஆபீசுக்குப் போனார்கள். கதவு எண் என்ன என்று கிளார்க்கு கேட்டார். குடிசைக்கு ஏது கதவு எண்? "அண்ணாச்சி பேரையே எழுதிக்கோ சாமி" என்று பூமாரியே சொன்னாள். ஆயுசு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தவள், மூடியிருக்க வேண்டிய அந்த ஓர் இடத்தில் திறந்து தொலைத்தாள்.

முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாசானம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பூமாரி நடு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். டீ குடிக்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள், நரி மாதிரி ஊளையிட்டுக் காட்டினார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போனபோது பெஞ்செல்லாம் ஆள். ரேடியோவில் சினிமாப் பாட்டு. அது, நம் வானொலி நிலையங்களில் சினிமாப் பாட்டைக் குறைத்துவிட, பட்டணமே கொழும்புக்கு முள்ளைத் திருப்பிவைத்திருந்த காலம்.

"அண்ணாச்சி, மணி மூணு."

"அதுக்கென்ன இப்போ? கப்பலாளுக வாற நேரம்லா இது. அந்தப் பேய்க்கூச்சல வச்சா எவன் உள்ள வருவான்?"

"பேசினது பேசினதுதான? இந்த ஒரு மணி என்னுது."

மாசானம் மேசை டிராயரிலிருந்து லைசென்சை எடுத்து நீட்டினார். "இதுல யாரு பேரு கெடக்கு? ஏ ஜாபரு, வாசிச்சுச் சொல்லு."

ஜாபர் வாங்கிப் பார்த்தான். "ஒம் பேருதான் அண்ணாச்சி. ஆனாக்கா..."

"ஆனாக்காவாவது ஒண்ணாவது. பேரு எவனுதோ ரேடியோ அவனுது."

"அப்போ குடு, நான் தூக்கினு போறேன்" என்றாள் பூமாரி.

"தாராளமாத் தூக்கிட்டுப் போ. ஒங் குடிசையில மண்ணெண்ணெய ஊத்திப் பாடச் சொல்லு!"

கடை கொல்லென்று சிரித்தது. சாட்சி சொல்ல வந்த ஜாபர் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பூமாரிக்குக் காது இரண்டும் கொதித்தது. ஒரு பெண்பிள்ளை பத்து வருஷத்தில் தனக்கென்று கண்டுபிடித்தது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதையும் பிடுங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான்கள். அன்றைக்கும் ஒன்றும் பேசாமல்தான் திரும்பிப் போனாள். வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலையில் தபால் ஆபீசு வாசலில் நின்றாள். அதே கிளார்க்கு. "லைசென்சுல பேரு இருந்தா ரேடியோ அவுருதா சாமி?" என்று கேட்டாள்.

"இது ரேடியோ யாருதுன்னு சொல்ற பத்திரம் இல்லேம்மா. ரேடியோ வச்சிக் கேக்கறதுக்கு சர்க்கார் குடுக்கற அனுமதி."

"கேக்கறதுக்கா?"

"ஆமாம். கேக்கணும்னா லைசென்சு வேணும்."

பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லி நெருக்கினார்கள்.

"அப்போ கத்தறதுக்கு?"

"என்னது?"

"ரோட்டாண்ட நின்னுகினு கத்தணும்னா லைசென்சு வேணுமா?"

கிளார்க்கு பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதுக்கெல்லாம் சர்க்கார் இன்னும் லைசென்சு போடலேம்மா. போய்ட்டு வா." அவர் வேடிக்கைக்குச் சொன்னார். அவள் சர்க்கார் உத்தரவாகவே எடுத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடைக்கு எதிரே துறைமுகச் சுவர் ஓரமாகப் போய் நின்றாள். மாதா கோயில் மணி மூன்று அடித்தது.

"யோவ் மாசானம்" என்று அடங்கின குரலில் ஆரம்பித்தாள். அண்ணாச்சி என்ற மரியாதை போயிருந்தது. "நான் ஒன்ன நம்பினேன்யா. தலமேல வச்சித் தூக்கினு வந்து ஒங் கடையில எறக்கினேன். தொரசானி அத்த எனுக்குக் குடுத்துது. எனுக்கு. டீத்தூள மூணு தபா காய வச்சி ஊத்தற கஸ்மாலம், ஒனுக்கா குடுத்துது?"

பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரை உற்றுப் பார்த்தார்கள். மாசானம் கடை வாசலுக்கு வந்து கையை ஆட்டி ஆட்டி நியாயம் பேசினார். கரண்டு யாருடையது, கடை யாருடையது, லைசென்சு யார் பெயரில் இருக்கிறது என்று அடுக்கினார். அவர் முடிக்கும்வரை பூமாரி பொறுமையாக நின்றாள். அப்புறம் ஒரே ஒரு சொல்லை எடுத்தாள்.

"என்னுது."

முதலில் தாழ்த்திச் சொன்னாள். பிறகு ஏற்றிச் சொன்னாள். ரேடியோ என்னுது, நேரம் என்னுது, வாய் என்னுது, தொண்டை என்னுது. இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்த குரல் முழுசாகத் திறந்தது. செங்கல்பட்டுக்காரன் பெயரும் நடுவில் வந்து போயிற்று, அவன் காரணங்களும் வந்து போயின. "மெதுவா பேசணுமா? இன்னாத்துக்குடா மெதுவா பேசணும்? என்னுது! என்னுது!" என்று அவள் உச்சியில் போய் நின்றபோது உள்ளே ரேடியோ பாடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. துறைமுகக் கேட்டில் காவலாளி வெளியே வந்து பார்த்தான். மாடி ஜன்னல்கள் திறந்தன.

நான்கு அடித்ததும் சட்டென்று நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஜாபர்தான் முதலில் கைதட்டினான். அப்புறம் தெருவே தட்டியது.

"இப்போ தட்டு. அன்னிக்கு வாய்ல இன்னா வச்சிருந்தே?" என்று அவனுக்கும் ஒரு வாங்கு வாங்கிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அதற்கடுத்த வாரம் இரண்டரைக்கே கூட்டம் கூடிவிட்டது. கூட்டமெல்லாம் பூமாரி நின்ற பக்கம். கடைக்குள் ஓர் ஈ காக்கை இல்லை, பாலில் ஆடை படிந்தது. மாசானம் போலீஸ்காரர் ஒருவரை அழைத்துவந்தார். "கத்தறதுக்கு லைசென்சு வேணாம்னு தபாலாபீசுல சொல்லிட்டாங்க, நீ வோணா போயி கேட்டுக்கோ" என்றாள் பூமாரி. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, "தொண்டைடா சாமி" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மணி மூன்று அடிக்கும்போது மாசானம் ஸ்டூலில் ஏறி, ஒரு பேச்சும் பேசாமல், முள்ளைத் திருப்பினார். கரகரவென்று இரைந்தது. பச்சைக் கண் விழித்தது. பிடில்கள் கிளம்பின. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்ற பூமாரி ரோட்டைக் கடந்து வந்து, கடைக்குள் ஏறி, நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட்டமும் அவள் பின்னாலேயே வந்து கடையை அடைத்துக்கொண்டது.

கூட்டத்துக்கு ஏமாற்றம். தொண்டியார்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது.

"இன்னா மாமு இது பேஜாரு, அத்த நிறுத்து" என்று ஒருத்தன் மாசானத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா பேசறத கேக்கத்தான வந்தோம். அக்கா, நீ ஏசு அக்கா!"

"ஆமா அக்கா, ஏசு!" என்றார்கள் பத்துப் பேர்.

ரேடியோவில் ஒரு பெண் தனக்குத்தானே பேசுவதைப் போல அடங்கின குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "இதுவா? இது இன்னா, கொயந்திங்கோ முனகற மாறி கீது" என்று அவன் சிரித்தான்.

பூமாரி திரும்பி அவனைப் பார்த்தாள்.

"டேய், வாய மூடிகினு ஒக்காரு. அவ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."